அம்மா உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஊசி எடுக்கக் கூடாது. ஞாயிறு ஓய்வுநாள் என்று அப்பா வைத்த சட்டம். மண்வெட்டி, விறகுக் கத்தி, துணி துவைக்கிற கல், பள்ளிக்கூடக் கணக்குக் கொப்பி எல்லாவற்றுக்கும் அன்று லீவு. இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பத்துக் காம்பரா (அறை) லயத்தில் மூன்றாவது காம்பரா எங்களுடையது. லயத்தில் சபைக்குப் போகிற குடும்பம் எங்களோடு சேர்த்து இரண்டுதான். மற்றப் பிள்ளைகள் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மலையில் மிலாறு, அதாவது வெட்டிப் போட்ட விறகுக் குச்சி, பொறுக்கப் போகும்போது நாங்கள் எண்ணெய் வைத்துத் தலை சீவி இஸ்தோப்பில், முன் திண்ணையில், உட்கார்ந்திருப்போம்.

அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். ஆறு நாள் கத்தி பிடித்த கை ஞாயிற்றுக்கிழமை வேதப்புத்தகத்தை மட்டும் பிடிக்கும். "ஆறு நாள் தொரைக்கு. இன்னைக்கு என்னையப் பெரட்டுக்குக் கூப்பிட எவனுக்கும் உரிமை இல்ல" என்பார். தப்பு மேளச் சத்தத்துக்கு எழும்பி, காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், வாங்கிக்கொண்டு வந்த பரம்பரை எங்களுடையது. அந்தப் பேச்சில் இருந்த நிமிர்வு சின்ன வயதில் எனக்கு விளங்கவில்லை.

யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தை அவர் வாசித்தால் அது ஏதோ எகிப்தில் நடந்த கதையாகவே இருக்காது. செங்கலுக்கு வைக்கோல் தரமாட்டேன், நீங்களே தேடிக்கொள்ளுங்கள், ஆனால் கணக்கில் ஒரு கல் குறையக் கூடாது என்று பார்வோன் சொல்கிற இடம் அது. கணக்குக் குறைந்தபோது அடி வாங்கியவர்கள் இஸ்ரவேலருக்குள்ளேயே தலைவர்களாக வைக்கப்பட்டவர்கள். "பாத்தியா, நம்ம கங்காணி மாதிரி" என்பார் அப்பா. பத்துக் கட்டளை வேதத்தில் இரண்டு இடத்தில் வருகிறது. யாத்திராகமத்தில் ஓய்வுநாளுக்குச் சொல்லப்படும் காரணம், தேவன் ஆறு நாளில் எல்லாவற்றையும் உண்டாக்கி ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார் என்பது. உபாகமத்தில் காரணம் வேறு. நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாய், அதை மறக்காதே, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்று இருக்கிறது. அப்பா எப்போதும் உபாகமத்தைத்தான் எடுப்பார்.

சரி, இனி அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை.

அம்மா 38 வருடம் கொழுந்து எடுத்தவர். சனிக்கிழமை மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தால், ஞாயிற்றுக்கிழமை செய்யக் கூடாத வேலை முழுவதும் அங்கே காத்திருக்கும். பீலிக்கரையில் இருட்டும்வரை துணி. அப்புறம் விறகு பிளந்து அடுக்குவது. அப்புறம் மறுநாள் கறிக்கு அரைப்பது. குப்பி லாம்பு வெளிச்சத்தில் அம்மி ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் தூங்கியிருக்கிறேன். விடிய நாலு மணிக்கு எழும்பி ரொட்டி தட்டி, எங்களைக் குளிப்பாட்டி, சபைக்குக் கூட்டிப் போவார். பிரசங்கம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவர் தலை சாய்ந்துவிடும். அப்பா முழங்கையால் இடிப்பார். எங்களுக்கு வெட்கமாக இருக்கும். வாரம் முழுவதிலும் அம்மாவுக்குக் கிடைத்த ஓய்வு அந்தப் பத்து நிமிடம்தான். அதைத்தான் நாங்கள் குற்றமாகப் பார்த்தோம்.

கட்டளையை எடுத்துப் பாருங்கள். நீ, உன் மகன், உன் மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, உன் வாசல்களில் இருக்கிற அந்நியன் என்று ஒவ்வொருவராகப் பேர் சொல்லி வருகிறது. மனைவி என்று தனியாக இல்லை. "நீ" என்பதிலேயே அவளும் அடக்கம் என்று ஒரு ஊழியர் எனக்கு விளக்கினார். அவர் சொன்னது சரியாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அந்த "நீ" அப்பாவோடு நின்றுவிட்டது.

நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போவார்கள். பேர் கிடையாது, எடுத்த கிலோவுக்குக் காசு. அப்பா அம்மாவை ஒருநாளும் அனுப்பியதில்லை. எங்கள் சபைக்கு வருகிற மற்றக் குடும்பம் பக்கத்துக் காம்பரா அக்காதான். அவர் அடிக்கடி போவார். புருஷன் இல்லை, மூன்று பிள்ளைகள். அன்று நாங்கள் சபையிலிருந்து வந்து சோற்றுக்கு உட்கார்ந்த நேரம் மேல்மலையிலிருந்து கூச்சல் கேட்டது. குளவி கலைந்துவிட்டது. அப்பா தட்டை அப்படியே வைத்துவிட்டு, சபைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, கட்டிலில் கிடந்த கம்பளியை இழுத்துக்கொண்டு ஓடினார். அக்காவைக் கம்பளியில் கிடத்தி நாலு பேர் நாலு மூலையைப் பிடித்து ரோட்டுக்கு இறக்கினார்கள். முகம் வீங்கிக் கண் இருந்த இடம் தெரியவில்லை. கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அப்பா இருட்டிய பிறகுதான் வந்தார். அக்கா பிழைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் ஒருவர், ஓய்வுநாளை மதிக்காததால்தான் அந்தப் பெண்ணுக்கு அப்படி நடந்தது என்றார். அப்பா அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. அன்று எழும்பி, "அந்த வாரம் அவ வீட்டுல அரிசி இருந்துச்சான்னு நம்மள்ல யாராச்சும் போய்ப் பாத்தோமா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்ததும் வெள்ளைச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து விறகு பிளந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் கையில் கத்தியை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பயந்துபோய், "அப்பா, இன்னைக்கு ஞாயித்துக்கெழம" என்றேன். "ஆடு குழியில விழுந்தா நாளைக்குத் தூக்கலாம்னு இருப்பியா?" என்றார். மத்தேயு 12இல் இயேசு கேட்கிற கேள்வி அது.

அப்பாவுக்குப் பக்கத்து வீட்டுக் குழி தெரிந்தது. எங்கள் வீட்டுக் குழி அவருக்குத் தெரியவில்லை. எனக்கே அது தெரிய இருபத்தைந்து வருடம் போனது.

இப்போது நான் ஹட்டன் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன். என் வீட்டுக்காரர் டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறார். மகன், மகள். அப்பா தவறிய பிறகு அம்மா எங்களோடு இருக்கிறார். சில வருடம் முன்புவரை என் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருந்தது என்றால், காலையில் சபை, இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை முன் அறையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு டியூஷன், ராத்திரி விடைத்தாள் திருத்தம். நான் சபைக்குப் போகிறேன், அப்பா மாதிரி ஊசி எடுக்கத் தடை போடவில்லை, அதனால் ஓய்வுநாளைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். பின்னால் சமையல் அறையில் அம்மா நின்றுகொண்டிருந்தார். 2022இல் காஸ் கிடைக்காத மாதங்களில் மறுபடியும் மிலாறு கொண்டுவந்து அடுப்பு ஊதியதும் அவர்தான்.

அந்த வருடம் நத்தாருக்கு (கிறிஸ்மஸ்) என்ன வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டேன். சேலை என்பார் என்று நினைத்தேன். "வேற யாராச்சும் ஊத்திக் குடுக்குற தேத்தண்ணிய சூடா உக்காந்து குடிக்கணும் புள்ள. வேற என்ன" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாத்திரத்தை அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, வாசலில் உட்கார வைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்தேன். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் என் விரல் ஒரு பள்ளத்தில் இறங்கியது. கூடைக் கயிறு இருந்த இடம். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரு வரி. அந்த வரியில் முடி மெலிந்து, தோல் தடித்துக் கிடந்தது. மலைக்குப் போவதை நிறுத்தி ஒன்பது வருடம் ஆகியிருந்தது அப்போது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் நான் அந்த இடத்தைத் தொட்டதில்லை. அம்மா நடக்கும்போது தலை உடம்புக்கு முன்னே போகும், கூடை இன்னும் முதுகில் இருக்கிற மாதிரி. வயதுக் கூன் என்றுதான் நினைத்திருந்தேன்.

லூக்கா 13இல் ஒரு கூனி வருகிறாள். 18 வருடம் நிமிர முடியாமல் இருந்தவள். ஓய்வுநாளில் ஜெப ஆலயத்தில் இயேசு அவளைக் கூப்பிட்டு நிமிர வைக்கிறார். ஆலயத் தலைவனுக்குக் கோபம் வருகிறது. வேலை செய்ய ஆறு நாள் இருக்கிறதே, அந்த நாட்களில் வந்து குணமாகிக்கொள்ளுங்கள் என்கிறான். ஓய்வுநாளில் உங்கள் எருதையும் கழுதையையும் அவிழ்த்துத் தண்ணீர் காட்டக் கொண்டுபோகிறீர்களே, இவளை அவிழ்த்துவிட வேண்டாமா என்று இயேசு திருப்பிக் கேட்கிறார். அவள் அன்று சாகக் கிடந்தவள் இல்லை. பதினெட்டு வருடம் பொறுத்தவள் இன்னும் ஒரு நாள் பொறுத்திருக்கலாம். ஓய்வுநாள் என்பதால்தான் அன்றைக்கே அவிழ்க்க வேண்டும் என்று அவர் நினைத்ததாக நான் இப்போது வாசிக்கிறேன். மனுஷனுக்காகத்தான் ஓய்வுநாள் என்று மாற்கு 2இல் அவர் சொல்வதும் பசித்த சீஷர்கள் கதிர் கொய்து தின்ற இடத்தில்தான். பசியும் கூனும் இருக்கிற இடத்தில்தான் அந்த நாளைப் பற்றி அவர் வாய் திறக்கிறார்.

அதற்குப் பிறகு வீட்டில் சில மாற்றம் செய்தோம். உங்களுக்கும் உதவலாம் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

என்னோடு படிப்பிக்கிற ஆசிரியை ஒருவர் ஏழாம் நாள் சபையைச் சேர்ந்தவர். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் அவருக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும். சனியா ஞாயிறா என்று நாங்கள் வாதாடியதில்லை. அவரிடம் நான் கற்றுக்கொண்டது, ஒரு நாளை முந்தின மாலையிலேயே தொடங்குவது. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்திலும் ஒவ்வொரு நாளும் சாயங்காலத்தில்தான் தொடங்குகிறது. யோசித்துப் பாருங்கள், மாலையில் தொடங்கினால் ஓய்வுநாளில் முதலில் வருவது தூக்கம். விடிய நாலு மணிக்குத் தொடங்கினால் முதலில் வருவது அடுப்பு. அதனால் எங்கள் வீட்டில் இப்போது சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது.

ஆறு மணிக்குள் வேலை முடிய வேண்டுமே. அம்மாவின் பழைய சனிக்கிழமையை நான் என் தலையில் தூக்கி வைத்துக்கொண்டால் கூடை ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு மாறியது மட்டும்தான். அதனால் மூன்று மணிக்கு நாலு பேரும் சேர்ந்து இறங்குவோம். வீட்டுக்காரர் கடையில் பேசி சனிக்கிழமையை அரை நாளாக்கிக்கொண்டார். துணி அவர் பொறுப்பு. மகள் வீடு கூட்டித் துடைப்பாள். மகன் தேங்காய் துருவுவான். நான் பருப்பும் ஒரு இறைச்சிக் கறியும் கட்டசம்பலும் செய்து வைப்பேன். ஞாயிறு காலை பாண், மத்தியானம் சோறு மட்டும் வடித்தால் போதும். விதவிதமாகச் சமைத்தால்தான் ஞாயிற்றுக்கிழமை என்கிற எண்ணத்தை விட எனக்குத்தான் ரொம்ப நாள் எடுத்தது. பிள்ளைகள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

முதல் மாதம் சரிவரவில்லை. அம்மா பழக்கத்தில் நாலு மணிக்கு எழும்பி வாசலைக் கூட்டிவிடுவார். "சும்மா உட்காருங்கம்மா" என்று நான் திரும்பத் திரும்பச் சொல்ல, ஒருநாள் அழுதுவிட்டார். "என்னைய நோயாளி மாதிரி ஆக்குற" என்றார். ஓய்வையும் ஒரு உத்தரவாகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன், பெரட்டுக் களத்தில் நின்று வேலை பிரிக்கிற மாதிரி. அப்புறம் உத்தரவு போடுவதை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எங்கே போக ஆசை என்று கேட்டேன். பழைய லயத்துக்கு என்றார். மாதம் ஒரு தடவை த்ரீவீலில் கொண்டுபோய் விடுகிறோம். அந்தக் குளவி கொட்டிய அக்காவோடு இஸ்தோப்பில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை பேசுவார். வீட்டில் உட்கார முடியாத அம்மா அங்கே நாலு மணி நேரம் அசையாமல் உட்காருவார். அவருக்குக் களைப்பு உடம்பில் மட்டும் இருக்கவில்லை, ஆள் இல்லாத களைப்பும் இருந்திருக்கிறது.

இதைப் பார்த்த பிறகு மற்றவர்களையும் கேட்டேன். வீட்டுக்காரருக்குத் தூக்கம்தான் வேண்டும், அதனால் மத்தியானம் அவரை யாரும் எழுப்புவதில்லை. மகனுக்கு கிரிக்கெட். அப்பா இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார், நான் விடுகிறேன். எனக்கு விடைத்தாள் கண்ணில் படக் கூடாது. பையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறேன். ஒரே மாதிரி ஓய்வை எல்லோருக்கும் அளந்து கொடுக்கப் பார்க்காதீர்கள். யாருக்கு எதில் களைப்பு என்று முதலில் கேளுங்கள். நம் வீடுகளில் பெண்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் முதல் தடவை "எனக்கு என்ன களைப்பு" என்றுதான் பதில் வரும். இரண்டாம் தடவையும் கேளுங்கள்.

காசு விஷயத்தையும் மறைக்கக் கூடாது. டியூஷனைக் கிழமை நாள் மாலைக்கு மாற்றியதில் பதினைந்து பிள்ளைகளில் ஆறு பேர் நின்றுவிட்டார்கள். மாதம் 6000 ரூபாய் குறைந்தது. அந்த வருடம் நத்தாருக்குப் புது உடுப்பு எடுக்கவில்லை. எங்களால் அதைத் தாங்க முடிந்தது. எல்லோராலும் முடியாது. கைக்காசுக்குப் போனால்தான் அந்த வாரக் கடைக்கடன் தீரும் என்று இருக்கிற வீட்டில் போய் ஓய்வைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. அங்கே முதலில் கடனைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் சபையில் சிலர் பேசி, ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போய் வருகிறவர்களுக்காக மாலையில் ஒரு ஆராதனை வைக்கிறோம். ராத்திரிச் சாப்பாட்டை மற்றவர்கள் கொண்டுவருவோம். வருகிறவர்கள் அன்று வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை.

கிழமையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு எங்கள் சபை மூப்பர் சொல்கிற கதை ஒன்று உண்டு. 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிறு விடுமுறையே இல்லை. போயா நாளும் அதற்கு முந்தைய நாளும்தான் வார லீவு. அப்போது போயா என்றால் பௌர்ணமி மட்டும் இல்லை, நிலாவின் நாலு கட்டமும். நிலாவைப் பார்த்து லீவு வருவதால் அது விழுகிற கிழமை மாறிக்கொண்டே இருக்கும். அப்போது இளவயது குமாஸ்தாவாக இருந்த அவர், விடியற்காலை ஆராதனை முடித்து, சாப்பாட்டுப் பெட்டியோடு நேரே வேலைக்குப் போயிருக்கிறார். போயா அன்று வீட்டில் ஓய்வு. கிழமை அவர் கையில் இருக்கவில்லை, ஓய்வை மட்டும் விடவில்லை. எங்கள் வீட்டுக்காரருக்கும் தீபாவளி நெருங்கினால் ஞாயிற்றுக்கிழமையும் கடை இருக்கும். கடை, அலுவலக ஊழியர்களுக்கு வாரம் ஒன்றரை நாள் லீவு என்று 1954இலேயே சட்டம் வந்துவிட்டது. அதை நினைவில் வைத்து அந்த வாரம் வேறு நாள் கேட்டு வாங்கிக்கொள்வார்.

அந்தச் சட்டத்துக்குள் வராதவர்கள் வீட்டு வேலை செய்கிறவர்கள். என் சித்தி மகள் கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். மலையகத்திலிருந்து அப்படிப் போன பெண்கள் எத்தனையோ பேர். அவள் லீவில் வருவது வருடத்துக்கு இரண்டு தடவை. வாரத்தில் ஒரு நாளாவது கேள் என்று போனில் சொன்னேன். தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறாள். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கிடைத்திருக்கிறது. போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டுக்கு விறகு பிளக்க வருகிற அண்ணனை நான் ஞாயிற்றுக்கிழமைதான் வரச் சொல்லியிருந்தேன், அன்றுதான் அவருக்குத் தோட்ட வேலை இல்லை என்று. காஸ் வந்த பிறகும் தண்ணீர் சுட வைக்க விறகுதான். இப்போது சனிக்கிழமை பின்னேரம் வருகிறார், கூலியில் குறைவில்லை. உன்னைப்போல என்கிற அந்த ஒரு சொல்லை நினைத்தால், இது அவருக்கு நான் செய்த உதவி என்று சொல்ல முடியாது.

போன சனிக்கிழமை ஐந்தரை மணி. மழை இருட்டிக்கொண்டு வந்தது. மகன் குந்தியிருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தான். மகள் அம்மாயிக்குத் தேத்தண்ணி ஊற்றி முன் அறைக்குக் கொண்டுபோனாள். துருவுகிற சத்தம் மாறியதை அங்கிருந்தே கேட்டுவிட்டு அம்மா குரல் கொடுத்தார். "ஓட்டச் சொரண்டாதடா தம்பி, பால் கறுத்துப்போகும்." எழும்பி வந்து பார்ப்பார் என்று அவன் துருவலை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். அவர் வரவில்லை.